ஈறு அறுவைக்குப் பின் நானோ வெள்ளிப் படலம்: நம் கரைக்குத் தேவையா?

பாம்பன் நாட்டுப்படகு:
சென்ற மாதம் என் சித்தப்பாவுக்குக் கடைவாயில் ஈற்றைத் திறந்து சுத்தம் செய்து, தைத்து, மேலே மருந்துப் பற்று வைத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். மூன்றாம் நாளே கடலுக்குப் போனவருக்குச் சோற்றோடு பற்றும் பெயர்ந்து வந்துவிட்டது. வெள்ளி நானோ துகள் கலந்த கைட்டோசான் படலம் ஈரமான ஈற்றில் ஒட்டும், கிருமியைத் தடுக்கும், பிறகு தானே கரைந்தும் போகும் என்று படிக்கிறேன். அப்படியிருக்க, ஏன் இன்னும் பழைய பற்று? கைட்டோசானே இறால் ஓட்டிலிருந்தும் நண்டு ஓட்டிலிருந்தும் எடுப்பதுதான். இங்கே அவற்றுக்குப் பஞ்சமா?

தொண்டிப் பல் மருத்துவர்:
பற்று பெயர்ந்ததால் புண் கெட்டதா என்பதைத் தம்பி சொல்லவில்லை. பற்று புண்ணை ஆற்றுவதில்லை. சோறும் நாக்கும் உரசாமல் மூடுவதோடு அதன் வேலை முடிந்தது. தையல் நன்றாக விழுந்திருந்தால், பற்றே வைக்காமல் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு எழுதிக்கொடுத்து அனுப்புவதும் உண்டு. வெள்ளித் துகள் 100 நானோமீட்டருக்கும் சிறிதாகும்போது, எடையை நோக்க அதன் மேற்பரப்பு மிகப் பெருகுவதால், வெள்ளி அயனிகள் நிறைய வெளிப்பட்டுக் கிருமியின் சவ்வைச் சிதைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்த அயனிக்குக் கிருமி எது, ஈற்றைப் புதிதாக நெய்யும் செல் எது என்ற வேறுபாடு தெரியாது. அளவு மிஞ்சினால் ஆறவேண்டிய திசுவே மடியும். ஆய்வுக்கூடத் தட்டில் கிருமியைக் கொன்று காட்டுவது எளிது. எச்சில் ஓயாமல் ஊறி அடித்துக்கொண்டுபோகும் வாயில் அளவைக் கட்டுக்குள் வைப்பது அவ்வளவு எளிதன்று.

பாம்பன் நாட்டுப்படகு:
ஏற்கிறேன், ஐயா. ஆனால் நீங்கள் தரும் குளோரெக்சிடினும் அளவு மிஞ்சினால் அதே செல்களைத் தாக்கத்தானே செய்கிறது? போதாததற்குப் பல்லில் பழுப்புக் கறையும் ஏறுகிறது. பழையதற்கு ஒரு நியாயம், புதியதற்கு ஒரு நியாயமா?

மண்டபம் பாசி:
அண்ணன் படலத்தையும் வெள்ளியையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதுதான் சிக்கல். ஒட்டுவதும் கரைவதும் படலத்தின் குணம். அதற்கு வெள்ளி வேண்டியதில்லை. எங்கள் அம்மா கடலில் இறங்கி எடுத்துவரும் கட்டக்கோரையிலும் பக்கோடா பாசியிலும் ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருள் இருக்கிறது. அதன் கால்சியம் உப்பில் செய்த கட்டு இரத்தக் கசிவை நிறுத்த மருத்துவத்தில் பல காலமாகப் பயன்படுகிறது. மேலும், இறால், நண்டு ஒவ்வாதவருக்குக் கைட்டோசான் வைக்குமுன் யோசிக்க வேண்டாமா?

தொண்டிப் பல் மருத்துவர்:
குளோரெக்சிடினைப் பற்றித் தம்பி கேட்டது சரியான கேள்வி. அதனால்தான் அதைச் சில வாரங்களுக்கு மேல் எழுதுவதில்லை. இன்னோர் இடத்திலும் நான் இறங்கி வருகிறேன். ஈறு இறங்கிய இடத்தில் ஒட்ட மேலண்ணத்திலிருந்து தோல் எடுக்கும்போது, அங்கே திறந்த புண்ணாகவே விட்டுவிடுகிறோம். அது மூடிவர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆவதால், நல்ல படலம் ஒன்று கிடைத்தால் நானே வாங்கி வைப்பேன். சித்தப்பாவுக்கு நடந்ததோ தைத்து மூடிய அறுவை. அவசரமில்லாத சிகிச்சையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது.

பாம்பன் நாட்டுப்படகு:
தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், ஐயா. எங்களுக்கு ஆண்டு முழுவதும் கடல்தான்.

தொண்டிப் பல் மருத்துவர்:
மறந்துவிட்டேன், மன்னிக்கவும். அப்படியானால் தையல் பிரிக்கும்வரையாவது கரையில் இருத்திவையுங்கள். வாயில் புகையிலை அடக்குபவராக இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். எந்தப் படலம் வைத்தாலும் புகையிலை ஆறவிடாது.

பாம்பன் நாட்டுப்படகு:
புகையிலையை நான் சொன்னால் கேட்க மாட்டார். சித்தியிடம் சொல்லிவிட்டேன்.