பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளர் பணியா, தொழில்நுட்பர் பணியா?

கேள்வி:
வேதியியலில் முதுநிலைப் பட்டம் முடித்திருக்கிறேன். ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு அறிவிப்புகள் வந்துள்ளன. ஒன்று, பேராசிரியர் ஒருவரின் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர் பணி. மற்றொன்று, மையக் கருவிக்கூடத்தில் என்எம்ஆர் கருவியை (வலுவான காந்தத்தின் உதவியால் மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறியும் கருவி) இயக்கிப் பராமரிக்கும் தொழில்நுட்பர் பணி. இரண்டுக்கும் கேட்கப்படும் தகுதி ஏறத்தாழ ஒன்றுதான். பின்னர் முனைவர் பட்ட ஆய்வில் சேரும் எண்ணம் இருக்கிறது. தொழில்நுட்பப் பணிக்குப் போனால் அந்த வழி அடைபட்டுவிடும் என்று உடன் படித்தவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா?

மறுமொழி 1:
முதலில், சம்பளம் எந்த நிதியிலிருந்து வருகிறது என்று பாருங்கள். திட்டப் பணியின் ஆயுள் பெரும்பாலும் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்த நிதியின் ஆயுளே. மூன்றாண்டுத் திட்டத்தில் இரண்டாண்டு கடந்த பிறகு அறிவிப்பு வந்திருந்தால், உங்களுக்கு மிஞ்சுவது ஓராண்டுதான். ‘நீட்டிக்கப்படலாம்’ என்ற சொல்லை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திட்டம் முடியும் தேதியை நேர்காணலுக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளும் ஆய்வுக்குழுவில் சேராமல் இருப்பதே நல்லது.

மறுமொழி 2:
நான் கருவிக்கூடத்தில் பணிபுரிபவன். வழி அடைபடும் என்பதை நான் ஏற்கவில்லை. என்எம்ஆர் காந்தத்தின் மீக்கடத்துச் சுருள், அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் கம்பிச்சுருள், சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் திரவ ஹீலியத்துக்குள் இருக்கிறது. ஹீலியத்தின் மட்டம் அளவுக்கு மீறிக் குறைந்தால் காந்தம் மீக்கடத்தும் தன்மையை இழந்து, எஞ்சிய திரவமும் மளமளவென ஆவியாகிவிடும். அதைக் கண்காணிப்பவரை வெறும் பொத்தான் அழுத்துபவராக நினைப்பது அறியாமை. பல துறைகளின் மாதிரிகள் உங்கள் கைவழியே போகும். எந்தச் சோதனை ஏன் தோற்றது என்பதை இவ்வளவு விரிவாகக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஒரே திட்டத்தில் இருப்பவருக்கு அரிது.

ஆனால் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: தரவுகளை அலசி விளக்கம் தருபவரின் பெயர் ஆய்வுக்கட்டுரையில் இடம்பெறுமா, நன்றியுரையோடு முடிந்துவிடுமா? ‘கிரெடிட்’ எனப்படும் 14 பங்களிப்பு வகைகளின் பட்டியலைப் பல ஆய்விதழ்கள் பின்பற்றுகின்றன. சோதனை நடத்துதல், தரவுப் பராமரிப்பு, மென்பொருள் ஆகியவை அதில் தனித்தனி வகைகளாகவே உள்ளன. எனவே இதைக் கேட்பது பேராசையாகாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பணியில் இருந்துகொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய முடியுமா?

மறுமொழி 2:
சில பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. பணி விதிகளில் எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். துறைத்தலைவரின் வாய்மொழி போதாது, அவர் மாறினால் அதுவும் மாறும். இரண்டு பணிகளுக்கும் விண்ணப்பியுங்கள், ஆனால் ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். கருவிக்கூடத்துக்கான கடிதத்தில், நீங்களே இயக்கிய கருவிகளையும் நீங்களே சரிசெய்த கோளாறுகளையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.