இரண்டாவது பேட்டரியும் அம்மாவின் இன்சுலினும்

அடிலெய்டிலிருந்து:

போன அக்டோபரில் மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவை தெற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தின் ஊட்னடாட்டா மண்பாதையில் அழைத்துச் சென்றேன். வண்டியின் பின்புறம் 12 வோல்ட் ஃபிரிட்ஜ். அதற்கென்று தனியாக 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (மூடிய ஈய-அமில வகை) பேட்டரி. வண்டி ஓடும்போது அதுவும் சார்ஜ் ஆக வேண்டும். ஃபிரிட்ஜுக்குள் பாலும் காய்கறியும் மட்டுமல்ல, அம்மாவின் ஒரு மாத இன்சுலினும் இருந்தது.

இரண்டு நாள் பகல் முழுக்க எஞ்சின் ஓடியது. பின்னால் இருந்த பேட்டரி நிரம்பியிருக்கும் என்று நம்பி, வழியில் உள்ள கவர்ட் ஸ்பிரிங்ஸில் கூடாரம் போட்டோம். விடியற்காலையில் பார்த்தால் ஃபிரிட்ஜின் விளக்கு அணைந்திருக்கிறது. மல்டிமீட்டரை வைத்தேன்: 11.4 வோல்ட், பேட்டரி கிட்டத்தட்டக் காலி. வயிற்றைப் பிசைந்தது.

அம்மா பதறவில்லை. மருந்துப் பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரத்துண்டால் சுற்றி, காற்றுப்படும் நிழலில் வைத்தார். அந்த வறண்ட காற்றுக்கு ஈரத்துண்டு மண்பானையைப் போல வேலை செய்தது. அடுத்த சிற்றூரான வில்லியம் க்ரீக்கில் ஐஸ் கிடைத்தது. ஐஸ் நேரடியாகப் பட்டு உறைந்தால் இன்சுலின் கெட்டுவிடும், அதனால் நடுவில் துணி மடித்து வைத்தோம்.

ஊர் திரும்பியதும் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் 14.2. எஞ்சினருகே உள்ள முன் பேட்டரி நிரம்ப நிரம்ப 13.4, 13.0, 12.7 என்று இறங்கியது. 'டக்' என்று, இரு பேட்டரிகளையும் தானாகச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்சான ரிலே விட்டுவிட்டது. புதிய வண்டிகளில் எரிபொருளை மிச்சப்படுத்த, எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜை வண்டியின் கணினியே குறைத்துவிடுகிறது. எனக்குப் பொருத்தித் தந்த ரிலேயோ 13.3க்கு மேல் ஏறினால்தான் சேரும், 12.8க்குக் கீழே வந்தால் பிரிந்துவிடும். அப்படியானால் பின் பேட்டரிக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் போனதோடு சரி, மீதி நாளெல்லாம் எதுவும் போய்ச் சேரவில்லை.

ரிலேயை எடுத்துவிட்டு 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைத்தேன். உள்ளே வரும் வோல்டேஜ் குறைந்தாலும் அது உயர்த்திக் கொடுக்கும். சாவி போட்டதும் அதை விழிக்கச் செய்யும் மெல்லிய சிக்னல் ஒயரையும் மறக்காமல் இணைத்தேன். அப்போதும் முன்னால் 13.8 இருக்க, சார்ஜருக்குள் மின்சாரம் நுழையும் வாயிலில் 12.6தான் வந்தது. குற்றவாளி கேபிள். அதன் மேல் '6 மி.மீ.' என்று அச்சிட்டிருந்தது. இங்கே வாகன ஒயர்களில் அந்த அளவு மேலுறையையும் சேர்த்த விட்டம். உள்ளே இருந்த செம்பு ஏறத்தாழ 4.6 சதுர மில்லிமீட்டர்தான்! 13.5 சதுர மில்லிமீட்டர் கேபிளாக மாற்றியதும் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே வந்தது. இரு பேட்டரிகளின் அருகிலும் ஃபியூஸ் போட்டேன். நெகடிவை முன் பேட்டரியின் முனையில் பூட்டாமல் வண்டியின் உலோகச் சட்டமான சேஸியில் பூட்டினேன். அந்த முனையில் மின்சாரத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது, அதற்குத் தெரியாமல் மின்சாரம் போனால் வண்டிக்குக் கணக்குத் தவறும்.

தயவுசெய்து சார்ஜர் வேலை செய்யும்போதே அதன் வாயிலில் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும் கேபிள் எப்போதும் நல்ல கேபிளாகவே தெரியும்.

பெர்த்திலிருந்து:

எனக்குக் கேபிள் தடிமனாகவே இருந்தது. காரிஜினி தேசியப் பூங்காவுக்குப் போகும் வழியில் பிளாஸ்டிக் கருகும் வாசனை. இழுவைக் கொக்கியருகே இருந்த பிளக் தொட முடியாத சூடு. ஆறிய பின் கேபிளை மெல்ல இழுத்தேன், கேபிள் நுனியில் மாட்டும் செம்பு முனையான லக் கையோடு வந்துவிட்டது. பாதி இழைகள் லக்கிற்குள் போகவே இல்லை, வெளியே மடங்கிக் கிடந்தன. சுத்தியலால் தட்டி நசுக்கிய லக் அது. இப்போது லக்கை நசுக்கிப் பிடிக்கவைக்கும் கருவியான ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்துகிறேன். இருபது நிமிடம் சார்ஜ் ஏறியதும் ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்க்கிறேன்.

அடிலெய்டிலிருந்து:

உங்கள் பதிவைப் படித்துவிட்டு இன்று காலை எல்லா லக்குகளையும் இழுத்துப் பார்த்தேன். ஏழு உறுதியாக இருந்தன. பின் பேட்டரியின் நெகடிவ் லக் அசைந்தது. அதை வெட்டிவிட்டுப் புதிதாகப் பொருத்திக்கொண்டிருக்கிறேன்.