2^64 − 1: எக்செல் காட்டும் ஐந்து பூஜ்யம்

டியூஷன்_சார்:
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சதுரங்கப் பலகைக் கதை சொன்னேன். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் 2, அப்புறம் 4. மொத்தம் 2^64 − 1. ஒரு பையன் எக்செல்லில் போட்டு 18446744073709600000 என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டான். "கடைசியில அஞ்சு பூஜ்யம் சார், 10-ஆல வகுபடும்" என்கிறான். ஒற்றைப்படைதான் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். சரியான எண் என்ன? பகா எண்களாகக் கையாலேயே பிரிக்க முடியுமா? நாளைக்கும் கேட்பான், விடுகிற ஆள் இல்லை.

கணக்குப்பிள்ளை:
எக்செல் 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும், மீதி இடத்தில் பூஜ்யம் போட்டுவிடும். சரியான எண் 18446744073709551615. கடைசி இலக்கத்துக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்றே முடியும். 64 நான்கின் மடங்கு, அதனால் 6. ஒன்றைக் கழித்தால் 5.

பிரிப்பது இன்னும் சுகம். இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்ற ஒரே சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போடுங்கள்:
3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

முதல் ஐந்தும் பகா எண்கள். கடைசி எண்ணையும் அப்படித்தான் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் அதை உடைத்தார்: 641 × 6700417. இரண்டுமே பகா எண்கள்.

டியூஷன்_சார்:
நன்றி ஐயா. ஆனால் 641 எங்கிருந்து வந்தது என்பான்.

கணக்குப்பிள்ளை:
கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். 4294967297-க்குக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். அந்த வகைப் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்கிறது.

வகுத்துக் காட்டாமலும் நிரூபிக்கலாம். பலகையில் இப்படி எழுதுங்கள்: 641 = 640 + 1. அதுவே 5^4 + 2^4-உம் கூட, அதாவது 625 + 16. இப்போது 640^4 − 1, 641-ஆல் வகுபடும். 640^4 என்பது 5^4 × 2^28. அதோடு 2^32-ஐக் கூட்டினால் 2^28 × (5^4 + 2^4), அதுவும் 641-இன் மடங்கு. பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள், மிஞ்சுவது 2^32 + 1, அதாவது நம்முடைய 4294967297. எனக்கு இந்த எண்ணில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்; நெல் கதையெல்லாம் அப்புறம்.

காம்பஸ்_பெட்டி:
நடுவில் நுழைகிறேன். முதல் ஐந்தை மட்டும் பெருக்கினால் 4294967295. ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வைத்து வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்த ஒழுங்குப் பலகோணங்களில், ஒற்றைப்படைப் பக்கம் கொண்டவற்றில் பெரியது இதுதான். பையனிடம் சொல்லுங்கள், வரையச் சொல்லாதீர்கள். 65537 பக்கத்துக்கு வழி எழுதவே ஜெர்மனியின் கணிதவியலாளர் ஹெர்மெஸுக்குப் பத்து வருஷம் ஆயிற்று. அந்தக் காகிதக்கட்டு இன்னும் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டியில் கிடக்கிறது.