‘ஹார்ம் ரிடக்ஷன்’: தமிழில் என்ன சொல்லலாம்? வியாழனுக்குள் வேண்டும்

லண்டன், மொழிபெயர்ப்பாளர் (திங்கள்)

நண்பர்களே, இங்கே ஒரு குடும்ப மருத்துவர் நிலையத்துக்காக நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. சிகரெட்டை விட முடியாமல் தவிப்பவர்களுக்கு மின்சிகரெட்டையும் ஒரு வழியாக எடுத்துச் சொல்வது இங்கே நடைமுறை. 2021 நவம்பரில் வந்த நைஸ் (இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் அமைப்பு) வழிகாட்டுதலிலும் அது இடம்பெற்றது.

மூன்று சொற்களில் நிற்கிறேன்: ஹார்ம் ரிடக்ஷன் (ஒரு பழக்கத்தை அடியோடு விட முடியாதவருக்கு அதன் கெடுதலையாவது குறைப்பது), வேப் (மின்சிகரெட் கருவி), வேப்பிங் (அதை இழுப்பது). இப்போதைக்குத் ‘தீங்குக் குறைப்பு’, ‘ஆவிக்கருவி’, ‘ஆவி இழுத்தல்’ என்று போட்டிருக்கிறேன். மூன்றிலும் மனம் ஒப்பவில்லை. படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த, ஐம்பது தாண்டிய ஆண்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (திங்கள்)

நல்ல சொல் நம்மிடமே இருக்கிறது: ஊறு. மருந்து அதிகாரத்திலேயே ‘மாறுபாடு இல்லாத உண்டி மறுத்துண்ணின் ஊறுபாடு இல்லை உயிர்க்கு’ என்கிறார் வள்ளுவர் (945). உடம்புக்கு வரும் கேட்டைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? ‘ஊறுபாட்டுக் குறைப்பு’ என்று வையுங்கள்.

இன்னும் சுருக்கம் வேண்டுமானால் ‘ஊறொரால்’. 662ஆம் குறள் ‘ஊறொரால் உற்றபின் ஒல்காமை’ என்று தொடங்குகிறது. ஒரால் என்றால் விலகுதல். ஒருவுதல் என்ற வினையிலிருந்து வந்தது. ‘வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ’ என்று தொல்காப்பியர் சொல்லும் ஒரீஇயும் அதே வேர். ‘தீதொரீஇ நன்றின்பால் உய்ப்பது அறிவு’ (422) என்பதையும் பாருங்கள். தீதிலிருந்து விலக்கி நன்மையின் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. உங்கள் துண்டறிக்கை செய்ய நினைப்பதும் இதைத்தானே?

ஹாரோ (லண்டன்), மருத்துவர் நிலையத் தாதி (திங்கள் இரவு)

ஐயா, குறள் படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊறு என்றால் எங்கள் சனத்துக்கு முதலில் ஊறுகாய்தான் ஞாபகம் வரும். சேர்ஜரியில் (மருத்துவர் நிலையத்தில்) ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம். அதில் சொல்லுக்கு விளக்கம் சொல்ல எனக்கு நேரம் கிடைக்காது.

அதைவிட எனக்குப் பயம் ‘ஆவி’யில்தான். தடிமன் வந்தால் என்ன செய்கிறோம்? ஆவி பிடிக்கிறோம். நொச்சி இலை போட்டுப் போர்வையால் மூடி இழுக்கிற நல்ல வைத்தியம் அது. ‘ஆவி இழுங்கள்’ என்று தாளில் இருந்தால், ஒரு நாளும் சிகரெட் தொடாத ஆளும் நெஞ்சுச் சளிக்கு நல்லதென்று வாங்கி இழுப்பார். புகைக்காதவர் இதைத் தொடவே கூடாது என்பதுதான் நாங்கள் படித்துப் படித்துச் சொல்வது. தயவுசெய்து ஆவியை எடுத்துவிடுங்கள்.

சென்னை, நெஞ்சக நோய் மருத்துவர் (செவ்வாய்)

தாதி அம்மா சொல்வதை வழிமொழிகிறேன். அறிவியல்படியும் அது ஆவி இல்லை. புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் சூடாகி, வெளியே வந்ததும் குளிர்ந்து நுண்துளிகளாகக் காற்றில் மிதக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், துளிப் படலம்.

என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2018இலும் நாடு முழுக்க 2019இலும் மின்சிகரெட் தடை செய்யப்பட்டது. நான் இதை யாருக்கும் எழுதித்தர முடியாது. புதிதாக நிகோட்டினுக்குப் பழகும் பிள்ளைகளை நினைத்தால் அந்தத் தடையின் காரணமும் புரிகிறது. ஆனால் சொல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஹார்ம் ரிடக்ஷன் என்ற கருத்து மின்சிகரெட்டோடு பிறந்ததும் அல்ல. 1980களில் லிவர்பூல் பக்கம் ஊசிவழி போதை எடுப்பவர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுத்தபோதே பேசப்பட்டது. அதனால் புகைக்கு மட்டும் பொருந்தும் சொல்லாக வைத்துவிடாதீர்கள்.

‘குறைப்பு’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. என் நோயாளிகளிடம் குறை என்றால் ‘பத்திலிருந்து அஞ்சாக்கிட்டேன் டாக்டர்’ என்பார்கள். எண்ணிக்கையைக் குறைப்பது வேறு, இது வேறு. பகலில் வேப், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு சிகரெட் என்று ஓட்டினால் நோக்கம் நிறைவேறாது; முழுதாக மாறினால்தான் பலன். ஊறொராலும் பொருந்தவில்லை ஐயா. ஒருவுதல் என்றால் அடியோடு விலகுதல். இங்கே நிகோட்டின் தொடர்கிறது, எரிவதால் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும்தான் போகின்றன. ‘தீங்கு தணிப்பு’ சரிப்படுமா?

கோவை, பொறியாளர் (செவ்வாய்)

தாகம் தணியும், கோபம் தணியும். தீங்கு தணியுமா?

அப்புறம், தீங்குக் குறைப்பில் ‘க்’ எதற்கு? தீங்கைக் குறைப்பது என்று விரிந்தால் இரண்டாம் வேற்றுமைத் தொகை, வல்லினம் மிகாது. பாம்புத்தோலில் மிகுவது ஆறாம் வேற்றுமை.

தஞ்சாவூர் (செவ்வாய்)

தம்பி, குறைப்பு என்று பெயராக நிற்கும்போது ‘தீங்கினது குறைப்பு’ என்றும் விரிக்கலாமே. அப்போது மிகும்.

சிங்கப்பூர், ஆசிரியை (செவ்வாய் இரவு)

ஒற்று இருக்கட்டும். இங்கே செய்தித்தாளிலிருந்து பள்ளிச் சுவரொட்டிவரை ‘மின்சிகரெட்’தான். 2018 பிப்ரவரி 1 முதல் வைத்திருப்பதே குற்றம் என்பதால் அந்தச் சொல்லைக் கேட்டாலே பிள்ளைகளுக்கு அபராதம்தான் நினைவுக்கு வரும். ஒரே சொல் லண்டனில் மருத்துவர் மேசையிலும் இங்கே குற்றப் பட்டியலிலும் இருக்கிறது. அது சொல்லின் பிழையல்ல. புழங்கும் சொல்லை மாற்றாதீர்கள்.

தஞ்சாவூர் (புதன் காலை)

மருத்துவர் நுண்துளி என்றதும் இரவெல்லாம் துமி என்ற சொல்லே மனத்தில் ஓடியது. கம்பர் கடலில் தெறிக்கும் துளியைத் துமிதம் என்று பாட, அப்படி ஒரு சொல் உலக வழக்கில் உண்டா என்று ஒட்டக்கூத்தர் கேட்டாராம். மோர் கடையும் ஒரு பெண் ‘துமி தெறிக்கும், தள்ளி நில்லுங்கள்’ என்று பிள்ளைகளிடம் சொன்னதைக் காட்டிக் கம்பர் வென்றார், வந்தவள் கலைமகள் என்பது கதை. வேப்பிங்குக்குத் ‘துமியிழுப்பு’, கருவிக்கு ‘மின்துமி’. அறிவியலும் தமிழும் ஒருங்கே அமைகின்றன.

ஹாரோ (புதன்)

ஐயா, கதை மிகவும் பிடித்தது, மகளுக்கும் சொன்னேன். ஆனால் அந்தக் கதையில் கம்பரைக் காப்பாற்றியது மோர்க்காரி வாயில் இருந்த சொல். இன்றைக்கு என் முன்னால் இருக்கிறவரின் வாயில் இருப்பது ‘வேப்’. ‘பேரன் வேப் பத்துகிறான், நானும் பாவிக்கலாமோ’ என்றுதான் கேட்கிறார்கள்.

சென்னை (புதன்)

பாவித்தல் என்றால் எங்கள் பக்கம் ஒன்றாகக் கருதுதல். ‘பயன்படுத்துதல்’ என்று போட்டால் இருவருக்கும் புரியும். வேப் என்று எழுதத் தயங்க வேண்டாம். ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ (காலத்தோடு வழக்குக்கு வந்த சொல்லை விலக்க வேண்டியதில்லை) என்று தொல்காப்பியரே இடம் தருகிறார்.

தஞ்சாவூர் (புதன்)

அந்த நூற்பா சோம்பலுக்குத் தந்த உரிமை அல்ல, மருத்துவரே. இன்று வேப், நாளை ஸ்மோக்கிங், மறுநாள் லங்ஸ். நுரையீரல் என்ற சொல்லையும் ஒருநாள் அகராதியில் தேட வேண்டிவரும்.

லண்டன் (புதன் இரவு)

அனைவருக்கும் நன்றி. இதுவரை ஊறுபாட்டுக்கு ஒருவர், தணிப்புக்கு ஒருவர்; நான் ‘தீங்கு குறைத்தல்’ பக்கம். ‘குறைத்தல்’ என்றே வைத்தால் ஒற்றுச் சண்டையும் இல்லை. அதுவும் அறிமுகப் பத்தியில் ஒரே ஒரு முறை. கருவிக்கு முதல் இடத்தில் ‘மின்சிகரெட் (வேப்)’, பிறகு வேப். ஆவி எங்கும் இல்லை.

எண்களை எழுதும்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. 2019இல் வந்த இங்கிலாந்து ஆய்வில் 886 பேர். ஓராண்டுக்குப் பின் சிகரெட்டை விட்டிருந்தவர்கள் மின்சிகரெட் பிரிவில் 18 விழுக்காடு, நிகோட்டின் பேட்ச், நிகோட்டின் சூயிங்கம் போன்றவற்றின் பிரிவில் 9.9 விழுக்காடு. ஆனால் மின்சிகரெட்டால் விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் அப்போதும் அதை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டு உண்மைகளையும் எந்தப் பெயர்ச்சொல்லும் சேர்த்துச் சுமக்காது. அதனால் முகப்பில் ஒரு வாக்கியமாகவே எழுதிவிட்டேன்:

‘வேப், சிகரெட்டைவிடக் கெடுதல் மிகக் குறைவானது. கெடுதலே இல்லாதது அல்ல. சிகரெட் பிடிக்காதவர் இதைத் தொடங்க வேண்டாம். பிடிப்பவர் முழுதாக மாற வேண்டும்.’

தாதி அம்மா, இது பத்து நிமிடத்துக்குள் அடங்குமா?

ஹாரோ (வியாழன் காலை)

அடங்கும். ‘முழுதாக மாற வேண்டும்’ என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ‘பிறகு மெல்ல மெல்ல வேப்பையும் விடலாம், நாங்கள் உதவுவோம்’ என்று ஒரு வரியும் சேருங்கள். அதைக் கேட்டால்தான் மனைவிமார் சம்மதிப்பார்கள்.

தஞ்சாவூர் (வியாழன்)

வாக்கியம் நன்றாக இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கலைச்சொல் கேட்டு வந்துவிட்டு வாக்கியத்தோடு போகிறீர்கள். நாளை பாடநூல் எழுதுகிறவருக்குப் பெயர்ச்சொல் வேண்டும். அவருக்காக ஊறுபாட்டுக் குறைப்பும் துமியிழுப்பும் இந்த இழையில் பதிவாக இருக்கட்டும். துமி பற்றி நிகண்டுகளில் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.