ஏப்ரலில் நியூகீ: பிள்ளைகளுக்கு 3/2 வெட்சூட் போதுமா?

கரைவலை: ஈஸ்டர் லீவுக்கு, ஏப்ரல் முதல் கிழமை, குடும்பமாக கார்ன்வாலில் நியூகீக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு வயது 9, 12. இரண்டு பேருக்கும் கோடைக்கு எடுத்த 3/2 வெட்சூட் (குளிர்நீரில் போடும் ரப்பர் உடை; எண்கள் மார்பிலும் கைகாலிலும் அதன் தடிமன், மில்லிமீட்டரில்) இருக்கு, வளர்த்திக்கு என்று ஒரு அளவு பெரிசாக எடுத்தது. சர்ஃப் பலகையில், நுரை அலையில் எழும்பி நிற்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சூட்டோடு ஃபிஸ்ட்ரல் கடற்கரையில் இறக்கலாமோ?

அலைமுகம்: தாராளமா இறக்கலாம். வெயில் அடிச்சா 45 நிமிஷம் 3/2 தாங்கும். 5/4 போட்டா தோள் இறுகி, துடுப்புப் போடவே சின்னப் பிள்ளைக்குத் தெம்பு போயிடும். உள்ளே ஒரு காட்டன் டி-ஷர்ட் போட்டு விடுங்க.

நெய்தல்: காட்டன் கூடவே கூடாது. தண்ணீரைக் குடித்து, சுருண்டு, அக்குளை உரசிப் புண்ணாக்கும். அதைவிடப் பெரிய தவறு வெயிலைப் பார்த்துக் கடலை அளப்பது. கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். ஏப்ரல் தொடக்கத்தில் நியூகீயில் தண்ணீர் சுமார் 10 டிகிரி. காற்று குளிர்ந்துவிட்ட அக்டோபரில்கூட 15 அளவில் இருக்கும். மார்புக்கு 3 மில்லிமீட்டர், கைகாலுக்கு 2 என்பது கோடைக்கான கணக்கு. இப்போது 5/4, அதோடு 5 மில்லிமீட்டர் காலுறை வேண்டும்.

அலைமுகம்: நல்ல 4/3 போதாதா? நுரையில் பழகுற பிள்ளைங்க பாதி நேரம் இடுப்பளவு தண்ணியில நிக்கத்தானே போறாங்க.

நெய்தல்: நிற்கும்போதுதான் அதிகம் குளிரும். ஈரச் சூட்டில் காற்றுப் பட்டால் உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே போகும். அதிலும் சின்ன உடம்பு சீக்கிரம் ஆறிவிடும். 4/3 என்றால் தையலைப் பாருங்கள். ஒட்டி, மறுபக்கம் ஊசி வராமல் தைத்ததாக இருந்தால் சரி. உள்ளும் புறமும் தட்டையான நூல் வரிசை தெரிந்தால் ஒவ்வொரு ஊசித்துளையிலும் தண்ணீர் கசியும்.

கரைவலை அண்ணா, தடிமனுக்கும் முதலில் அளவைப் பாருங்கள். பெரிய சூட்டில் முதுகின் பள்ளத்திலும் கழுத்திலும் இடைவெளி விழும். ஒவ்வொரு அலைக்கும் உள்ளே சூடான தண்ணீர் வெளியேறிப் புதுக் குளிர்நீர் நுழையும். வளர்த்திக்கு எடுத்த சூட் இந்தக் கடலுக்கு உதவாது. சர்ஃப் கடையில் வாடகைக்கு எடுங்கள். போட்டுப் பார்த்துக் கையை மேலே தூக்கினால் அக்குளில் தொங்கக்கூடாது. காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு ஏறும்.

அலைமுகம்: அளவு விஷயத்தில் உங்க பக்கம்தான். ஆனா கையுறை வேணாம், பலகையின் விளிம்பு பிடிபடாது.

கடலோடி: சூட்டுக்கே சண்டை பிடிக்கிறீர்கள், இடத்தை ஒருவரும் கேட்கவில்லை! ஃபிஸ்ட்ரல் மேற்கே பார்த்தது, அட்லாண்டிக் ஸ்வெல் (தூரக் கடலில் எழும்பி வரும் அலை) நேராக வரும். அலை முன்னறிவிப்பில் உயரத்தோடு, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட விநாடியையும் பாருங்கள். 1 மீட்டர், 14 விநாடி என்று போட்டிருந்தால் அது சின்னக் கடல் இல்லை. பல நிமிடம் அமைதியாகக் கிடக்கும், பிறகு நாலைந்து பெரிய அலை ஒன்றாக வரும். அந்த அமைதியை நம்பித்தான் பிள்ளைகள் உள்ளே நடந்து போவார்கள். அப்படியான நாளில், தென்மேற்குக் காற்றும் சேர்ந்தால், முனைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி இருக்கிற டோவன் கடற்கரைக்குப் போங்கள்.

அலைமுகம்: டோவன்ல கடல் பெரிசா ஏறும்போது மணலே மிஞ்சாதே?

கடலோடி: அதனால்தான் நேரம் முக்கியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அங்கே 6 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அதில் பாதி, வற்று (கடல் முழுக்க இறங்கி நிற்கும் நேரம்) முடிந்து மூன்றாம், நாலாம் மணித்தியாலங்களில் மட்டும் ஏறும். வற்றுக்கு ஒரு மணித்தியாலம் முன் இறங்கி, ஏற்றம் வேகம் பிடிக்கமுதல் கரையேறுங்கள். ஈஸ்டருக்கு எல்லா இடமும் ஆர்.என்.எல்.ஐ. (கடலில் உயிர் காக்கும் தொண்டு அமைப்பு) காவல் இருக்காது. கறுப்பு-வெள்ளைக் கட்டக் கொடி நட்ட இடம்தான் பலகைக்கு. சிவப்பு-மஞ்சளுக்கு நடுவில் குளிக்கிறவர்கள் நிற்பார்கள்.

கரைவலை: 5/4 இரண்டு வாடகைக்கு எடுக்கிறோம், காலுறையோடு. எவ்வளவு நேரம் விடலாம்?

நெய்தல்: 40 நிமிடம். அதற்கு முன்னரே உதடு நீலித்தாலோ, பலகைக் கயிற்றின் பட்டையை விரலால் பிரிக்க முடியாமல் திணறினாலோ, அந்த நொடியே வெளியே கூட்டி வாருங்கள். காற்றில் நிறுத்தாமல் சூட்டைக் கழற்றித் துடைத்து, குல்லா போட்டு, பிறகு சூடாகக் குடிக்கக் கொடுங்கள்.

அலைமுகம்: 40 சரி. கழுத்து உரசுற இடத்துக்கு வாசலின் தடவாதீங்க, பெட்ரோலியம் சூட்டோட ரப்பரை (நியோப்ரின்) அரிக்கும். வாடகைச் சூட்டுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.