பழைய மைல்கல்லை இடம் மாற்றலாமா?

தகடூரான்:
எங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்துகிறார்கள். ஓரத்தில் நின்ற வெள்ளைக்காரர் காலத்து மைல்கல்லைப் பிடுங்கிப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். மனசு ஆறவில்லை. இப்படிப்பட்ட கற்களை அருங்காட்சியகத்தில் சேர்த்துவிடுவதே நல்லது. அதியமான் பெருவழி என்ற பழைய நெடுஞ்சாலையில் தூரம் காட்ட நட்ட கல், தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனதால்தான் இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது.

வண்டிப்பாதை:
ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. நாவற்றாவளம் என்ற இடத்துக்கு இத்தனை காதம் (அந்தக்காலத் தூர அளவு) என்கிறது அந்தக் கல். எங்கிருந்து? கல் நிற்கும் இடத்திலிருந்து. இடத்தை விட்டு எடுத்தால் பாதி எழுத்தை அழித்த மாதிரி. டெல்லி உயிரியல் பூங்காவுக்குள் கோஸ் மினார் என்ற முகலாயர் காலத்துத் தூரம் காட்டும் தூண் ஒன்று நிற்கிறது. சுற்றிலும் பூங்கா வந்தும் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது.

தகடூரான்:
அது ஏறக்குறைய 30 அடி உயரத்துக்குக் கட்டிய தூண் அண்ணா, யாரும் தூக்கிப் போக முடியாது. நம்முடையது இடுப்பளவுக் கல். துவைகல்லாகவும் வாசற்படியாகவும் போன கல்வெட்டுகள் கொஞ்சமா? பெருவழிக் கல்லில் எண்ணோடு குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுத்தறியாத வண்டிக்காரரும் எண்ணிப் பார்த்துத் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். 13ஆம் நூற்றாண்டிலேயே அவரையும் நினைத்திருக்கிறார்கள்! அந்தக் குழிகள் துணி துவைத்தே தேய்ந்திருந்தால்?

கல்தச்சன்:
ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெருவழியில் கிடைத்த ஒரு கல்லில் 27 காதம், இன்னொன்றில் 29. இரண்டும் நட்ட இடத்திலேயே இருந்தால், நடுவில் உள்ள தூரத்தை அளந்தாலே அன்றைய காதம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். காதத்துக்கு ஆளுக்கொரு கணக்குச் சொல்லும் நமக்கு அது எவ்வளவு பெரிய சான்று!

தகடூரான்:
அதற்கு இடத்தைக் குறித்து வைத்தால் போதாதா?

வண்டிப்பாதை:
உங்கள் ஊர்க் கல்லுக்கு யாராவது குறித்தார்களா?

தகடூரான்:
இல்லை. ஆனால் பிடுங்கிய குழி இன்னும் மூடவில்லை.

வண்டிப்பாதை:
அப்படியானால் ஜல்லி கொட்டுவதற்குள் போய் ஜிபிஎஸ் குறிப்பும் படமும் எடுத்துவிடுங்கள். அப்புறம், புதிய சாலையோரத்தில் அதே நேருக்கு நடச் சொல்லி மனு கொடுங்கள்.

தகடூரான்:
நாளைக் காலையில் போகிறேன். நட மறுத்தால் அருங்காட்சியகத்துக்குத்தான். பள்ளத்தில் கிடக்க விடமாட்டேன்.