செவ்வாயின் வளைந்த தடம்: நீர் அறுத்ததா, லாவா ஓடியதா?

கேள்வி:
செவ்வாயைச் சுற்றும் எம்ஆர்ஓ விண்கலத்தின் சிடிஎக்ஸ் கேமரா படங்களில் (பிக்சலுக்கு சுமார் 6 மீட்டர்) ஆறுபோல் வளையும் தடங்களைக் குறித்து வருகிறேன். நிலவின் ஹாட்லி ரில் என்ற நீண்ட பள்ளம் கூட அப்படித்தான் வளைகிறது. ஆனால் அது லாவா ஓடிய தடம். வளைவை நம்ப முடியாது என்றால் வேறு எதைப் பார்ப்பது?

பதில் 1:
முதலில் தலையையும் வாலையும் பாருங்கள். லாவாத் தடம் பெரும்பாலும் ஒரு குழியிலோ பிளவிலோ எடுத்த எடுப்பிலேயே அகலமாகத் தொடங்கும். போகப் போகக் குழம்பு ஆறி இறுகுவதால் ஒடுங்கி, ஆழம் குறைந்து, சமவெளியில் காணாமல் போகும். மழை, பனி உருகிய நீர் என்றால் நேரெதிர்: மேட்டில் மெல்லிய ஓடைகள் பல, அவை சேரச் சேர அகலம் கூடும், தேங்குமிடத்தில் வண்டல் விசிறியாகப் படியும். செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தின் மேற்கோரத்தில் உள்ள டெல்டாவைப் பெரிதாக்கிப் பாருங்கள், விசிறியின் கிளைகளே தெரியும்.

பதில் 2:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். நீரும் முழு அகலத்தோடு கிளம்பும். செவ்வாயில் ராவி வாலிஸ் என்ற பள்ளத்தாக்கு அரோமாட்டம் என்ற இடிந்து சரிந்த நிலத்திலிருந்து அப்படியே புறப்படுகிறது. நிலத்தடி நீர் பீறிட்ட இடம் அது. ஆகவே துணையோடை இல்லை என்பதற்காக மட்டும் லாவா என்று எழுதிவிடாதீர்கள். அகலத்தை 1 கி.மீ.க்கு ஒருமுறை அளந்து வரைபடமாகப் போடுங்கள். ஆழத்துக்கு மோலா (விண்கலத்திலிருந்து லேசரால் உயரம் அளந்த கருவி) உயரத்தரவை எடுத்தால் கவனம்: அதன் கட்டம் ஒன்று சுமார் 463 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கும் குறுகிய தடத்தில் அடியும் கரையும் ஒரே கட்டத்தில் கலந்து, ஆழம் குறைவாகவே வரும். ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்த சிடிஎக்ஸ் ஜோடி கிடைத்தால் அதிலிருந்து உயரம் எடுப்பதே மேல்.

பதில் 3:
இரண்டுமே நடந்த இடங்களும் உண்டு. அதபாஸ்கா வாலிஸ் என்ற செவ்வாய்ப் பள்ளத்தாக்கில் வெள்ளம் அறுத்தது போன்ற நீள்துளி வடிவத் தீவுகள் இருக்கின்றன, ஆனால் தரையை அதே விண்கலத்தின் நுணுக்கமான கேமராவான ஹைரைஸ் படத்தில் (பிக்சலுக்கு 25 செ.மீ. வரை) பார்த்தால், உடைந்து மிதந்து நகர்ந்த லாவா ஓட்டின் தகடுகள். தடத்தை அறுத்தது எது, தரையில் கிடப்பது எது என்று இரண்டு பத்தியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: இந்தப் படங்கள் பிற்பகல் 3 மணியளவில் எடுத்தவை; வடக்கு மேலே இருந்தால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரும். அதை மறந்தால் பள்ளம் மேடாகத் தெரியும். ஆனால் எல்லா மேடும் கண்மயக்கம் அல்ல: சுற்றியிருந்த மென்மண்ணைக் காற்று அரித்துவிட, கூழாங்கல் இறுகிய ஆற்றுப்படுகை மட்டும் வரப்புபோல் நிற்கும் இடங்கள் செவ்வாயில் நிறைய. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துவிட்டுக் குறியுங்கள்.